கண்ணாடியும் கைகளும்

விழா மலர்களிலே தமிழாசிரியர் எழுதுங் கட்டுரை இலக்கியம் பற்றியதாகவே அமைதல் வேண்டுமென்பது நம்மிடையே ஊறிய வழக்கு. அவ்வழக்கினை யாமும் போற்றுபவரே. ஆயினும், இம்மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டியபொழுது, வெட்டிய கண்ணாடித் தகடுகளை எவ்வாறு நிறுத்தி வைப்பது, எவ்வாறு இடம் பெயர்ப்பது என்னும் பொருளே எம் நெஞ்சில் முந்தி வந்து நின்றது. தமிழாசிரியருக்கும் கண்ணாடித் தொழிற்சாலைக்கும் என்ன உறவு என்று அன்பர் சிலர் நகைத்தல் கூடும். உறவு உண்டு. அஃது எம் மாணவர் வழியாக வந்த உறவு.

ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி முடித்து வெளிவந்த நாள் தொட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாக யாம் வகுப்பறையில் நிற்கின்றோம். எம்மிடம் தமிழ் கற்றவருள் மருத்துவர் உளர், பொறியியலாளர் உளர், கணக்காளர் உளர். அவர்தம் பெயர்கள் கல்லூரி மண்டபத்துப் பலகைகளிற் பொன்னெழுத்துக்களால் எழுதப்பட்டுள்ளன. ஆனால், க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையோடு கல்லூரி வாயிலைக் கடந்து, மறுமாதமே வாகனந் திருத்துமிடத்திலும், அலுமினியப் பொருத்து வேலையிலும், கண்ணாடிக் கடையிலும் தொழில் பழகச் சென்றவரோ அவர்களினும் பலர். அவர்களும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. அவர்கள் நாள்தோறும் எதனைத் தூக்குகின்றனர், எதன் அருகே நிற்கின்றனர் என்பதை அறிதலும் நமக்குரிய கடனாகும்.

நம் பாட்டனார் காலத்து வீடுகளிற் கண்ணாடி என்பது முகம் பார்க்கும் ஆடியும், சுவாமி படத்தின் முகப்பும், அலுமாரிக் கதவில் ஒரு துண்டுமே. இன்றோ கடைத்தொகுதிகளின் முகப்பு முழுவதும் கண்ணாடி. வங்கியின் வாயில் கண்ணாடி. மாடிப்படியின் கைப்பிடிச் சுவரும் கண்ணாடி. இம்மாற்றத்துக்கு வழிவகுத்தவருள் முதன்மையானவர் இங்கிலாந்து தேசத்து அலஸ்ரெயர் பில்கிங்ரன் என்பவர். உருகிய வெள்ளீயத்தின்மேல் உருகிய கண்ணாடியைப் பரவி மிதக்கவிட்டால், தேய்த்து மெருகிடாமலே இருபுறமும் மட்டமான தகடு கிடைக்குமென்னும் எண்ணம் 1952ஆம் ஆண்டில் அவருக்கு உதித்தது. ஏழாண்டு முயற்சியின் பின், 1959ஆம் ஆண்டில் அம்முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் பெரிய தகடுகள் மலிந்தன. தகடு பெரிதாகப் பெரிதாக, அதனைத் தூக்குபவனுக்கு நேரும் அபாயமும் பெரிதாயிற்று. முன்னதைப் பலர் அறிவர். பின்னதைத் தூக்குபவன் மட்டுமே அறிவான்.

எம் மாணவர் ஒருவர் அதனைத் தம் காலால் அறிந்தார். அவர் பெயரையும், அவர் வேலை பார்த்த கடையின் பெயரையும் ஈண்டுக் கூற வேண்டுவதில்லை. வகுப்பில் அமைதியானவர், ஒப்படைத்த வேலையை முடிக்காமல் எழுந்திராதவர். கண்ணாடிக் கடையிற் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அங்கே தகடுகள் யாவும் சுவரோரமாகச் சீமெந்துத் தரையின்மேல் ஒன்றன்முன் ஒன்றாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் கேட்ட நிறக்கண்ணாடி அவ்வரிசையின் கடைசியிற் கிடந்தது. முன்னே நின்ற எட்டுத் தகடுகளையும் புத்தகத்தின் ஏடுகளைப் புரட்டுவதுபோல ஒவ்வொன்றாக முன்னே சாய்த்து, தம் தோளில் ஏற்றுத் தாங்கிக்கொண்டு நின்றார் எம் மாணவர். மற்றொரு பையன் பின்னாற் சென்று வேண்டிய தகட்டை இழுத்தான். இழுத்த வேகத்தில் முன்னவை இன்னுஞ் சற்றே சாய்ந்தன. அவ்வளவுதான்.

யாம் வைத்தியசாலைக்குச் சென்று அவரைக் கண்டோம். முழங்காலின் கீழே இரண்டிடங்களில் எலும்பு முறிந்திருந்தது. கணுக்காலின் நரம்பொன்று அறுந்திருந்தது. எம்மைக் கண்டதும் எழ முயன்றார். கட்டிலில் அமர்ந்து, எவ்வாறு நேர்ந்தது தம்பி என்று வினவினோம். அவர் கூறிய மறுமொழி இது: “சேர், அதை விட்டுட்டு விலகியிருந்தால் காலுக்கு ஒண்டும் நடந்திராது. உடைஞ்சால் சம்பளத்திலை கழிப்பினம் எண்டுதான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.”

இச்சொற்கள் பலநாள் எம்மை உறங்கவிடவில்லை. அவ்விளைஞரின் காலை முறித்தது கண்ணாடி மட்டுமன்று. பிறர் பொருளைக் காக்க வேண்டுமென்னும் நற்குணமும், உடைந்தால் தன் கூலி குறையுமென்னும் அச்சமும் ஒருங்கு சேர்ந்து அவரை அங்கே நிறுத்திவைத்தன. நற்குணம் ஒருவனுக்குக் கேடாய் முடியுமாயின், குற்றம் அக்குணத்தினிடத்து இல்லை. அக்குணத்தை அவ்விடத்தில் நிறுத்திய ஒழுங்கினிடத்தேதான் உள்ளது. அவ்வொழுங்கு வேறாக அமையக்கூடுமா என்பதே எம்முள் எழுந்த வினா. விடை பின்னொருகாற் கிடைத்தது.

எமது கல்லூரி நூலகத்தின் பழைய நூற்பேழைகளுக்குக் கண்ணாடிக் கதவுகள் இடுவதெனப் பழைய மாணவர் சங்கத்தார் முடிவு செய்தபொழுது, கொழும்பின் புறநகரில் உள்ள ஒரு தொழிற்சாலையில் அவற்றை வெட்டுவித்து வர எம்மையும் உடன் அனுப்பினர். அத்தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் எம் பழைய மாணவர். யாம் சென்ற அன்று அவர் எம்மை உள்ளே அழைத்துச் செல்லுமுன், தரையில் இட்டிருந்த மஞ்சட் கோட்டைக் காட்டி, “சேர், இந்தக் கோட்டுக்கு அங்காலை வரவேண்டாம்” என்றார். கோட்டுக்கும் கண்ணாடி அடுக்குக்கும் இடையே ஓராளின் உயரத்தினும் மிகுந்த இடைவெளி இருந்தது. தகடு விழுந்தால் அதன் உச்சி எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவு தூரத்துக்கு எவரும் வீணே நிற்றலாகாது என்பது அங்கே முதல் விதி.

அடுத்து அவர் எமக்கு ஒரு கணக்கைச் சொன்னார். கண்ணாடியின் நிறை அறிதல் மிக எளிது. ஒரு சதுர மீற்றர் பரப்பும் ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள கண்ணாடி 2.5 கிலோகிராம் நிறுக்கும். ஆகவே, 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள, 12 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட ஒரு தகடு ஏறத்தாழ 134 கிலோகிராம். நம் பழைய அளவிற் சொன்னால் இரண்டரை அந்தருக்கும் மேல். அத்தகைய 20 தகடுகளை நெருங்க அடுக்கினால் அவற்றின் மொத்தத் தடிப்பு 12 சென்ரிமீற்றர். அரைச் சாண் அளவே. ஆனால் அவற்றின் நிறையோ 2,680 கிலோகிராம். அரைச் சாண் தடிப்பினுள் இரண்டரைத் தொன்னுக்கு மேற்பட்ட பாரம் ஒளிந்திருக்கின்றது என்பதைக் கண் நம்ப மறுக்கும். ஒளி ஊடுருவும் பொருளுக்குப் பாரம் இராதென மனம் மயங்குவதே இத்தொழிலின் முதற் பகை. மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றி வள்ளுவர் கூறியதை வகுப்பிற் படித்த மாணவர்க்கு இக்கணக்கை விளக்குதல் அரிதன்று.

இத்துணைப் பாரத்தை எவ்வாறு நிறுத்துவது? கிடையாக அடுக்கலாமே என்று யாம் வினவினோம். ஆகாது என்றார். கிடையாகக் கிடக்கும் தகடு தன் பாரத்தாலேயே வளையும். அடியில் ஒரு மணற் பருக்கை அகப்பட்டால் மேலுள்ள பாரம் முழுவதும் அப்பருக்கையின்மேல் அழுந்தத் தகடு வெடிக்கும். நெட்டுக்குத்தாக நிறுத்தவும் ஆகாது. மெல்லத் தொட்டாலும் எப்பக்கமும் விழும். ஆகவே, ஏணியின் இருகால்களை விரித்து நிறுத்தினாற்போன்ற இரும்புத் தாங்கிகளைச் செய்து, அவற்றின் இருமருங்கும் தகடுகளைச் சாய்த்து வைக்கின்றனர். ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்துப் போலத் தோன்றுதலால் தொழிலாளர் இதனை ‘ஏ பிறேம்’ என்பர். நெட்டுக்குத்தினின்று அதன் சாய்வு ஏறத்தாழ 5 பாகை. அடிப்பலகையும் அதற்கேற்ப உட்புறமாகச் சரிந்து, சாய்பலகையோடு செங்கோணம் ஆக்குகின்றது. இரண்டிலும் றப்பர்ப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடியின் விளிம்பு சீமெந்தையோ இரும்பையோ ஒருபொழுதும் தொடுதல் கூடாது.

ஐந்து பாகை என்பது சிறிய அளவாகத் தோன்றும். அச்சாய்வில் 134 கிலோகிராம் தகடு சாய்பலகையின்மேல் இடும் பாரம் ஏறத்தாழ 12 கிலோகிராம் மட்டுமே. எஞ்சிய பாரமெல்லாம் அடிப்பலகையில் இறங்குகின்றது. இதனினும் மிகுதியாகச் சாய்த்தால் முன்னுள்ள தகடுகள் பின்னுள்ளவற்றை அழுத்தி வளைக்கும். குறைவாகச் சாய்த்தால் நிலை தளரும். ஆனால், இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். எட்டடி உயரமுள்ள தகடு 5 பாகை சாய்ந்து நிற்கும்பொழுது, அதன் உச்சி நெட்டுக்குத்து நிலையினின்று பின்வாங்கியிருப்பது 21 சென்ரிமீற்றர். அதாவது ஏறத்தாழ ஒரு சாண். அவ்வுச்சியை ஒரு சாண் முன்னே இழுத்தால் தகடு எல்லைக்கு வந்துவிடும். அதற்குமேல் ஒரு விரற்கடை வந்தாலும் அது தாங்கிக்கு உரியதன்று; நிற்பவனுக்கு உரியது. உயிருக்கும் ஆபத்துக்கும் இடையே உள்ள தூரம் ஒரு சாண் என்றறிந்தபொழுது எம்முடல் சிலிர்த்தது.

எல்லை கடந்தபின் மனிதவலி என்ன செய்யும்? இருபது தகடுகள் முன்பக்கமாக 5 பாகை சாய்ந்தால், தோளுயரத்தில் அவற்றைத் தாங்கி நிற்பவன் ஏறத்தாழ 200 கிலோகிராம் அளவான தள்ளுதலை ஏற்றல் வேண்டும். பத்துப் பாகை சாய்ந்தால் அது 400 கிலோகிராம் ஆகும். ஐந்துக்கும் பத்துக்கும் இடையே கண் இமைக்கும் நேரமே உண்டு. ஆகவே, சாயத் தொடங்கிய அடுக்கைத் தாங்கி நிறுத்துதல் வீமனுக்கும் அரிது. எம் மாணவர் தோளில் ஏற்ற எட்டுத் தகடுகளும் ஐந்து மில்லிமீற்றர்த் தடிப்பும் எட்டடிக்கு ஆறடி அளவும் உடையன. அவற்றின் நிறை அரைத் தொன்னுக்குச் சற்றுக் குறைவு. தாங்கியதும் அவர் வலியன்று, தவறியதும் அவர் சோர்வன்று. அங்கே அவர் வெல்லக்கூடிய போர் ஒன்று இருக்கவேயில்லை.

ஆதலால், ஏடு புரட்டுவதுபோலத் தகடு புரட்டும் வழக்கத்துக்கே அத்தொழிற்சாலையில் இடமில்லை. ஒரே அளவும் ஒரே நிறமும் ஒரே தடிப்பும் உள்ள தகடுகளே ஒரு தாங்கியில் நிற்கும். எனவே, பின்னிருந்து எடுக்கவேண்டிய தேவை எழுவதில்லை. எப்பொழுதும் முன்னதையே எடுப்பர். வேறு வழியின்றி அளவு கலந்து வைக்க நேரின், பெரியது பின்னும் சிறியது முன்னுமாகவே வைப்பர். தாங்கியின் ஒரு பக்கத்தையே வெறுமையாக்காமல் இருபக்கமும் மாறிமாறி எடுப்பர். அன்றேல் பாரம் மிகுந்த பக்கம் தாங்கியையே கவிழ்த்துவிடும். பெரிய தகடுகளை மேலே ஓடும் பாரந்தூக்கியும், அதிற் பூட்டிய உறிஞ்சு கிண்ணங்களும் எடுத்துச் செல்கின்றன. கிண்ணத்தின் வாயையும் கண்ணாடியின் முகத்தையும் துடைத்த பின்னரே பொருத்துவர். தூசியோ ஈரமோ இருப்பின் பிடி நழுவும்.

வெட்டுமுன் நிகழ்வது இது. வெட்டியபின்னரோ இடர் வேறு உருவெடுக்கின்றது. கண்ணாடியை வெட்டுதல் என்பது உண்மையில் வெட்டுதலன்று. சிறு சில்லொன்றால் மேற்பரப்பில் ஒரு கீறலை இட்டு, அக்கீறல் வழியே பிளத்தலே அது. ஆங்கில அறிஞர் ஏ. ஏ. கிரிபித் 1921ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, கண்ணாடி தன் இயல்பான வலியினும் மிகக் குறைந்த விசைக்கே உடைந்துபோவதற்குக் காரணம், அதன்மேல் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்களே என்று காட்டினார். இழுவிசை படும்போது அந்நுண்கீறலின் முனையில் விசை குவிந்து கீறல் ஓடத் தொடங்குகின்றது. வெட்டிய விளிம்பிலே அத்தகைய நுண்கீறல்கள் நிறைந்துள்ளன. ஆகவே, வெட்டிய தகட்டின் விளிம்பு இருவகையால் அபாயமுடையது: அது கையை அறுக்கும், எளிதில் தானும் உடையும். வெட்டியவுடன் விளிம்பின் கூரைத் தேய்த்து மழுக்குதல் அழகுக்காக மட்டுமன்று.

வெட்டிய துண்டுகளை வைப்பதற்கென அங்கே வேறொரு தாங்கி கண்டோம். சில்லுப் பூட்டிய சட்டமொன்றிலே மேலிருந்து கீழாகக் கம்பிகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு கம்பிக்கும் மெத்தென்ற உறை. இரு கம்பி வரிகளுக்கு இடையே ஒரு துண்டு மட்டும் நிற்கும். ஒன்றையொன்று தொடாது, ஒன்றை எடுக்க மற்றொன்றை அசைக்க வேண்டியதில்லை. இதற்கு என்ன பெயர் என்று கேட்டோம். ஆங்கிலத்தில் யாழின் பெயரால் இதனை அழைப்பர் என்று மேற்பார்வையாளர் புன்னகையுடன் கூறினார். நரம்பு கட்டிய யாழ் போலவே அஃது இருந்தது. யாழின் பெயரைத் தன் பெயரிற் கொண்ட மண்ணினின்று சென்ற எமக்கு அக்காட்சி இரட்டிப்பு மகிழ்ச்சியை நல்கியது. எமது நூற்பேழைக்குரிய துண்டுகள் ஒவ்வொன்றும் எண் ஒட்டப்பெற்று அவ்‘யாழில்’ நின்றன. எந்த எண் எந்த வரியில் என்று ஒரு தாளிற் குறித்திருந்தனர். தேடுதல் இல்லாவிடிற் புரட்டுதல் இல்லை; புரட்டுதல் இல்லாவிடில் விழுதல் இல்லை.

சூளையிற் பதப்படுத்தும் கண்ணாடிக்கு இன்னும் ஓர் ஒழுங்கு உண்டு. வேண்டிய அளவுக்கு வெட்டி, துளையிட்டு, விளிம்பு தேய்த்த பின்னரே அதனை 600 பாகை சதமளவைக்கும் மேலாகச் சூடேற்றி, காற்றை வீசித் திடீரெனக் குளிர்விக்கின்றனர். புறப்பரப்பு முதலில் இறுகி, உட்புறம் பின்னர் இறுகுதலால், புறம் முழுவதும் அமுக்கத்தில் நிற்கின்றது. அதனால் அதன் வலிமை பன்மடங்காகும். ஆனால், பின்னர் அதனை வெட்டவோ துளைக்கவோ இயலாது; மூலையில் ஒரு கடுந்தட்டுப் பட்டாலும் முழுவதும் சிறு பரல்களாகச் சிதறும். ஆகவே, வெட்டியவை, விளிம்பு தேய்த்தவை, பதப்படுத்தியவை என மூவகைக்கும் மூன்று இடங்களை வகுத்துள்ளனர். ஒன்றையொன்று கடந்து செல்ல வேண்டாதபடி ஒரே திசையிற் பொருள் நகர்கின்றது. நடைபாதையில் ஒரு துண்டு மரமும் கிடக்கக் கண்டிலோம்.

ஈரமும் கண்ணாடிக்குப் பகையென்பது எமக்குப் புதிய செய்தி. மழைத் தண்ணீரிற் கழுவப்படும் யன்னற் கண்ணாடிக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஆனால், நெருங்க அடுக்கிய இரு தகடுகளுக்கிடையே நீர் சிக்கிக்கொண்டால், அந்நீர் கண்ணாடியிலுள்ள சோடியத்தைக் கரைத்துக் காரமாகி, கண்ணாடியையே அரிக்கத் தொடங்கும். பின்னர் எவ்வளவு துடைத்தாலும் நீங்காத வெண்கறை படியும். இதனைத் தடுக்கவே தகடுகளுக்கிடையே தாளையோ நுண்பொடியையோ இடுகின்றனர். மாரிகாலத்தில் தாழ்வாரத்திற் கண்ணாடி அடுக்கும் நம் ஊர்க் கடைக்காரர் இதனை அறிந்தால் நட்டத்தினின்று தப்புவர். ஆனால் கறைபட்ட கண்ணாடியை மாற்றலாம். கறைபட்ட தரையை அங்ஙனம் மறத்தல் அரிது.

கைகளால் தூக்குதற்கும் முறை உண்டு. தூக்குமுன் தகட்டில் வெடிப்பு உளதோ என்று விளிம்பு முழுவதும் பார்ப்பர். வெடித்த தகடு பாதிவழியில் இரண்டாகப் பிரிந்தால் மேற்பாதி மணிக்கட்டின்மேல் இறங்கும். ஆதலால் கையுறையோடு மணிக்கட்டையும் முன்கையையும் மூடும் உறையும் அணிவர். காலுக்கு முன்புறம் இரும்பு வைத்த சப்பாத்து. இருவர் தூக்கின் ஒருவர் மட்டுமே சொல்வார். மற்றவர் அச்சொல்லுக்கே அடிவைப்பார். தகட்டைத் தலைக்குமேல் உயர்த்துவதில்லை, கிடையாகப் பிடிப்பதில்லை, செங்குத்தாகவே கொண்டுசெல்வர். சோளகம் வீசும் வெளியிலே பெரிய தகட்டை இருவர் சுமந்து செல்லுதல், பாய் விரித்த தோணியை இரு கைகளாற் பிடித்து நிறுத்த முயல்வதை ஒக்கும்.

இவையனைத்தையும் பார்த்தபின், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலிற் கற்பிப்பது யாது என்று வினவினோம். அப்பொழுது அவர் கூறியதே இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணம். “சேர், இஞ்சை வாற பொடியளுக்கு முதல்நாள் வெட்டப் பழக்கிறேல்லை. விடப் பழக்கிறம்” என்றார். கழிவுத் துண்டொன்றை எடுத்து, தடித்த துணி விரித்த இடத்தில் நின்று, ‘விடு’ என்னும் குரல் கேட்டவுடன் கையை விட்டுப் பின்னே விலகுமாறு அவர்களைப் பலமுறை செய்விப்பாராம். முதலில் எவராலும் இயலுவதில்லையாம். விழும் பொருளை நோக்கிக் கை தானாகவே நீளும். அஃது இயல்பு, தாய் பிள்ளையைப் பிடித்ததும் அக்கையே. அவ்வியல்பைக் கண்ணாடியின் முன்னே மட்டும் அடக்கப் பயிற்சி வேண்டும். பயிற்சி பெற்றவனும் விடவேண்டுமாயின் மற்றொன்றும் வேண்டும்: உடைந்த கண்ணாடிக்கு அவன் கூலியிற் கைவைப்பதில்லை என்னும் உறுதி. அத்தொழிற்சாலையில் உடைவு யாவும் தொழிற்சாலைக் கணக்கிலேயே எழுதப்படுகின்றது. தகட்டின் விலையைப் பையனின் கணக்கில் எழுதும் இடத்தில், ‘விடு’ என்று எத்துணை உரக்கக் கூவினாலும் அவன் காதில் விழாது.

காலொடிந்த எம் மாணவரைப் பற்றி அன்று அவரிடம் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் விலாசத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இன்று அம்மாணவர் அத்தொழிற்சாலையில் வெட்டிய துண்டுகளுக்கு எண் எழுதி ஒட்டும் பணியில் இருக்கின்றார். சிறிது தாங்கித் தாங்கி நடக்கின்றார். ஆயினும், எத்துண்டு எவ்வரியில் நிற்கின்றது என்று அவரைக் கேட்டால் தாளைப் பாராமலே சொல்லுகின்றாராம். ஒரே கல்லூரியில் வெவ்வேறு ஆண்டுகளிற் பயின்ற இருவர் இவ்வாறு கைகோத்தமை எமக்குப் பெருமகிழ்ச்சி. அதற்கு முன்பே இருவரும் கூடியிருந்தால் இன்னும் நன்றாயிருக்கும்.

எமது கதவுகள் லொறியில் ஏறியபொழுது கடைசிப் பாடம் கிடைத்தது. லொறியிலும் சாய்வுத் தாங்கியே. கட்டும் பட்டிகள் மேலும் நடுவும் இறுகக் கட்டப்பட்டன. சாரதியிடம் மேற்பார்வையாளர் வற்புறுத்திச் சொன்னது வேகத்தைப் பற்றி மட்டுமன்று. இறக்கும் இடத்தைப் பற்றியது. வண்டி மட்டமான தரையில் நின்றபின்னரே பட்டியை அவிழ்த்தல் வேண்டும். இரண்டு மீற்றர் அகலமுள்ள வண்டியின் ஒருபக்கச் சில்லு 17 சென்ரிமீற்றர் சேற்றிற் புதைந்தால், தாங்கியின் 5 பாகைச் சாய்வு முழுவதும் தொலைந்துபோகும். பாதையிற் காத்துவந்த கட்டை வாயிலில் அவிழ்த்தவுடன் அடுக்கு ஆள்மேல் வரும். கண்ணாடி பெரும்பாலும் ஓடும்போது விழுவதில்லை. வந்து சேர்ந்தோம் என்று மனிதர் ஆறுதல் அடையும்போதே விழுகின்றது. எமது கல்லூரி முற்றத்தில் வண்டியை இருமுறை முன்னும் பின்னும் நகர்த்தி மட்டமாக நிறுத்திய பின்னரே பட்டிகளை அவிழ்த்தனர். அருகே கூடிய மாணவரை வேலியோரத்துக்கு அனுப்பினோம். கதவுகள் முப்பத்திரண்டும் ஒரு கீறலுமின்றி நூலகம் புகுந்தன.

நம் நாட்டில் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டிலும், வேலை செய்யுங்கால் ஊறுபட்டார்க்கு நட்டஈடு வழங்குஞ் சட்டம் 1934ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. அவற்றின் பெயர்களையேனும் நம் மாணவர் அறிந்து கல்லூரியை விட்டுச் செல்லுதல் நன்று. ஆனால் நட்டஈடு முறிந்த காலைப் பழையபடி ஆக்குவதில்லை. சட்டம் வருமுன் வரவேண்டியது தாங்கி.

பழைய மாணவருள் கண்ணாடிக் கடையும் அலுமினியப் பட்டறையும் நடத்துவோர் பலர் உளர். அவர்களிடம் எமக்குரிய விண்ணப்பம் மிகச் சிறியது. பாரந்தூக்கியும் சூளையும் எல்லோராலும் வாங்க இயலாது. ஆனால், சுவரிற் சாத்திய தகடுகளை எடுத்து, உள்ளூர் இரும்பு வேலைக்காரர் செய்து தரும் ஒரு சாய்வுத் தாங்கியில் வைத்தல் இயலும். அதன் அடியில் றப்பரும் முன்னே குறுக்குப் பட்டியும் இடுதல் இயலும். அளவு வாரியாகப் பிரித்து வைத்தல் இயலும். தரையில் ஒரு மஞ்சட் கோடு கீறுதல் இயலும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடைந்த கண்ணாடிக்குப் பையனின் கூலியிற் கழிப்பதில்லை என்று இன்றே சொல்லுதல் இயலும். இவ்வொன்றுக்குச் செலவு ஏதும் இல்லை.

இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களுக்குத் தமிழாசிரியராக ஒன்று கூறி முடிக்கின்றோம். முதனிலை திரிந்த தொழிற்பெயருக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால், கெடு என்பது கேடு என்றும், சுடு என்பது சூடு என்றும் ஆவதை நீங்கள் எழுதுவீர்கள். அவ்வரிசையில் விடு என்பதும் ஒன்று. அது வீடு என்று ஆகும். வீட்டுக்குப் பெரியோர் கூறும் உயர்ந்த பொருளை நீங்கள் சமய பாடத்திற் கற்பீர்கள். நாளை உங்களுள் எவரேனும் கையுறை அணிந்து ஒரு கண்ணாடித் தகட்டின் முன்னே நிற்க நேரின், அது சாயக் கண்டால், அச்சொல்லின் எளிய பொருளை மட்டும் நினையுங்கள். விடுங்கள், விலகுங்கள், உடைவது உடையட்டும். மாலையில் வீட்டு வாயிலிலே உங்களை எதிர்பார்த்து நிற்பவர், நீங்கள் எத்தனை தகடுகளைக் காத்தீர்கள் என்று கேட்பதில்லை.